கை சுற்றினால் விளக்கேந்தும் பாவை: வீட்டில் செய்ய ஒரு வழிகாட்டி

முகத்தைக் கடைசியில் செதுக்குங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் இறங்குகிற எல்லோரும் முதலில் கை வைப்பது முகத்தில்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நல்ல தேக்குத் துண்டு ஒன்றை எடுத்து, மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, மூக்கு, உதடு, இமை, காதுமடல் என்று ஒவ்வொன்றாகச் செதுக்கி, கண்ணாடிக் கண் பதித்து, தோல் நிறத்தில் வண்ணம் பூசி முடித்தபோது அச்சு அசல் பெண் முகமாகவே இருந்தது. உடம்பில் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றினேன். எங்கள் அக்கா மகளுக்கு அப்போது ஐந்து வயது. தலை திரும்பித் தன்னைப் பார்த்ததும் ஓடிப்போய் அவள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "மாமா, அதை மூடி வைங்க" என்று அழுகையோடு சொன்னாள். அன்றிலிருந்து அந்தத் தலை துணி சுற்றி அலமாரியில்தான் இருக்கிறது.

ஜப்பானில் மாசாஹிரோ மோரி என்ற ரோபோப் பொறியியலாளர் 1970-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பொம்மை மனிதச் சாயலை நெருங்க நெருங்க நமக்கு அதன்மேல் பிரியம் கூடிக்கொண்டே போகும், கிட்டத்தட்ட மனிதர்தான் என்கிற இடம் வந்ததும் அந்தப் பிரியம் மளமளவென்று சரிந்து ஒரு பள்ளத்தில் விழும், அசைகிற பொம்மையென்றால் பள்ளம் இன்னும் ஆழம் என்றார். என் தேக்கு முகம் போய் விழுந்தது அந்தப் பள்ளத்தில்.

அடுத்த பொம்மைக்கு முகம் என்று பெரிதாக ஒன்றும் வைக்கவில்லை. பாதி மூடிய இமை, கோடு போல வாய், இரண்டு கன்னத்திலும் தனாக்கா (பர்மியர் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து), நெற்றியில் பொட்டு, அவ்வளவுதான். ஆனால் எப்போது தலை நிமிர்கிறது, எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது, தலை அசைந்து எத்தனை நொடி கழித்துக் கை எழுகிறது என்பதற்கு இரண்டு மாதம் செலவழித்தேன். அதே குழந்தை அன்று முழுக்கக் கைப்பிடியை விடவில்லை. பொம்மைக்கு உயிர் வந்ததுபோலத் தோன்றுவது நேரக்கணக்கால்தான் என்று எனக்கு அப்போது உறுதியானது. அந்த நேரக்கணக்கை மரத்தில் எப்படி வெட்டுவது என்றுதான் இங்கே எழுதுகிறேன். யாங்கோனில் கிடைக்கிற சாமான்களை வைத்துச் சொல்கிறேன், வேறு ஊரில் இருப்பவர்கள் உங்கள் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மோட்டார் கிடையாது, கையால் சுற்றுவதுதான். கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் அது ஒரு வசதி, அதைவிட முக்கியம், சுற்றுகிறவருக்கும் பொம்மைக்கும் நடுவில் ஒரு பேச்சு நடக்கிறது, மோட்டார் வைத்தால் அது போய்விடும்.

எதைச் செய்யப்போகிறோம்

ஒரு பெட்டி. அதன்மேல் 30 செ.மீ. உயரத்தில் நிற்கும் ஒரு பெண், வலது கையில் அகல். குனிந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். கைப்பிடியைச் சுற்றினால் மெதுவாக நிமிர்வாள், உங்கள் பக்கம் திரும்புவாள், ஒரு கணம் விட்டு விளக்கை உயர்த்துவாள், கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள், பிறகு தலை தாழ்ந்து கையும் இறங்கும். மூன்றே அசைவு.

விளக்கேந்தும் பாவையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நெடுநல்வாடையில் அரண்மனைக்குள் யவனர் செய்த பாவை ஒன்று நிற்கும், அது கையில் ஏந்திய அகலில் நெய்யை நிறைய ஊற்றி விளக்கேற்றுவார்கள். அந்தப் பாவை அசைந்ததாகப் பாட்டில் இல்லை. பல நூற்றாண்டு கழித்து, 11-ஆம் நூற்றாண்டில், போஜராஜனின் சமராங்கண சூத்திரதாரத்தில் எந்திரங்களுக்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது, அதில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் பொம்மையும் தாளத்துக்கு ஆடும் பொம்மையும் வருகின்றன. நம் ஆட்கள் எவ்வளவு காலமாக இந்த ஆசையோடு இருந்திருக்கிறார்கள் பாருங்கள்.

இந்த மண்ணிலும் அப்படி ஒரு கதை இருக்கிறது. பர்மாவில் 11, 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்ட லோகபஞ்ஞத்தி என்ற பாலி நூலில், புத்தரின் உடல் எச்சங்களான தாதுக்களை அஜாதசத்ரு மன்னன் புதைத்து வைத்துவிட்டு, வாள் பிடித்துச் சுழலும் எந்திர வீரர்களைக் காவலுக்கு நிறுத்துகிறான். அந்த வித்தை ரோம தேசத்து யவனர்களுடையது, வித்தை தெரிந்தவன் நாட்டைவிட்டுப் போனால் எந்திரங்களே துரத்திப்போய்க் கொல்லும். பாடலிபுத்திரத்து ஆள் ஒருவன் அங்கே மறுபிறவி எடுத்து, பெண் கட்டி, வித்தையைக் கற்று, அதை எழுதித் தன் தொடைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு கிளம்புகிறான். வழியில் எந்திரங்கள் அவனைக் கொன்றுவிடுகின்றன, மகன்தான் உடலைக் கொண்டுவந்து சேர்க்கிறான். பிற்பாடு அசோகன் வந்து அந்த வீரர்களை அடக்க வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் மதுரைப் பக்கத்துப் பாட்டில் யவனர் செய்த பாவை, இன்னொரு பக்கம் பர்மாவில் எழுதிய பாலிக் கதையில் யவனர் செய்த வீரன். இரண்டையும் சேர்த்துப் படித்த நாளில்தான் நான் உளியைக் கையில் எடுத்தேன்.

மரம், கம்பி, மற்றவை

பொம்மையின் தலைக்கும் கைக்கும் குமிழ மரம் வாங்குங்கள். இங்கே யமனே என்று கேட்க வேண்டும், யோக்தே என்ற பர்மியப் பொம்மலாட்டத்துக்குப் பொம்மை செதுக்குபவர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். லேசான மரம், உளிக்கு இணங்கும், சீக்கிரம் வெடிக்காது. பெட்டிக்குத் தேக்கு. தாத்தா 1964-ல் சுற்றத்தார் எல்லோரும் கப்பலேறியபோது இங்கேயே தங்கிவிட்ட தச்சர், அவருடைய இழைப்புளியும் கொட்டாப்புளியும் எனக்கு இருக்கின்றன. உங்களிடம் இல்லையென்றால் தச்சுப்பட்டறையில் அளவு சொல்லி இழைத்து வாங்கிவிடுங்கள், பெட்டி செய்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. 26 செ.மீ. நீளம், 16 அகலம், 18 உயரம், முன்பக்கம் கழற்றி மாட்டுகிற மாதிரி. உள்ளே கை போகாத பெட்டியைச் செய்துவிட்டு அவதிப்படாதீர்கள்.

அச்சுகளுக்குச் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, 2 மி.மீ. கனம், நேராக, உறுதியாக இருக்கும், சைக்கிள் கடையில் பழையதைச் சும்மாவே தருவார்கள். கழுத்துக்கு உள்ளே 4 மி.மீ. துளையுள்ள பித்தளைக் குழாய் ஒரு சாண். முக்கியத் தண்டுக்கு 10 மி.மீ. இரும்புக் கம்பி. 9 மி.மீ. பிளைவுட் ஒரு பலகை. தூண்டில் நரம்பு கொஞ்சம். ஈயக் குண்டு நாலைந்து. தையல் மெஷின் மோட்டாருக்குப் போடும் ரப்பர் பெல்ட் ஒன்று. உப்புத்தாள், மெழுகுவர்த்தி, 6பி பென்சில்.

பெல்ட் எதற்கு என்று கேட்பீர்கள். கைப்பிடியை நேரே தண்டில் மாட்டினால் யாராக இருந்தாலும் நொடிக்கு ஒரு சுற்று சுற்றிவிடுவார்கள், பொம்மை பேய் பிடித்ததுபோல ஆடும். கைப்பிடித் தண்டில் 20 மி.மீ. குறுக்களவுள்ள சின்னச் சக்கரம், பெரிய தண்டில் 120 மி.மீ. சக்கரம், இரண்டையும் பெல்ட்டால் இணைத்தால் ஆறு சுற்றுக்கு ஒருமுறைதான் பெரிய தண்டு சுற்றும். நிதானமாகச் சுற்றினால் எட்டு நொடி. யாராவது முரட்டுத்தனமாகச் சுற்றினாலும் பெல்ட் நழுவுமே தவிர உள்ளே எதுவும் உடையாது. பல்சக்கரம் போட்டால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு நான் பெல்ட்டைத்தான் சொல்வேன்.

கேம் வெட்டுதல்

இதுதான் பொம்மையின் மூளை. லேத் பட்டறையில் கேம் என்பார்கள், நாமும் அப்படியே சொல்வோம். வட்டமாகத் தொடங்கி ஒரு பக்கம் மட்டும் புடைத்திருக்கும் தட்டு. தண்டு சுழலும்போது புடைப்பு வருகிற இடத்தில் மேலே உட்கார்ந்திருக்கும் கோலைத் தூக்கும், புடைப்பு போனதும் கோல் தன் எடையாலேயே இறங்கும். விளிம்பு எப்படிப் போகிறதோ அப்படியே பொம்மை அசையும். சுவிட்சர்லாந்தின் நூஷாடெல் அருங்காட்சியகத்தில் ழாக்கே-துரோ குடும்பத்தார் 1768-க்கும் 1774-க்கும் நடுவில் செய்த எழுதும் சிறுவன் இருக்கிறான், சுமார் 6,000 உறுப்புகள், முதுகுக்குள் அடுக்கடுக்காகக் கேம்கள், 40 எழுத்துவரை உள்ள வாசகத்தை எழுதுவான். அவனுக்கும் நம் பாவைக்கும் அடிப்படை ஒன்றுதான்.

அந்தச் சிறுவனைப் பார்ப்பவர்களை ஈர்ப்பது அவன் கையெழுத்து மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பேனாவை மையில் தோய்த்து உதறுகிறான், கண்கள் எழுதுகிற கையைத் தொடர்ந்து போகின்றன. எழுதுவதற்கு அந்தக் கண் தேவையே இல்லை, ஆனாலும் செய்தவர்கள் அதற்கென்று பாடுபட்டிருக்கிறார்கள். நம் பாவையிலும் அதுதான் விதி: முதலில் பார்வை, அப்புறம் கை. நாமே அப்படித்தானே, தம்ளரை எடுப்பதற்கு முன்னால் கண் தம்ளருக்குப் போய்விடுகிறது.

சரி, வேலைக்கு வருவோம். காகிதத்தில் 25 மி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு, நடுவிலிருந்து 15 பாகைக்கு ஒரு கோடாக 24 கோடுகள் இழுங்கள். 24 பங்கு கிடைக்கும். சுற்றுக்கு எட்டு நொடி என்பதால் ஒரு பங்கு நொடியில் மூன்றில் ஒன்று. மூன்று கேமுக்கும் இதே மாதிரி மூன்று காகிதம்.

தலை நிமிர்கிற கேம்: முதல் மூன்று பங்கு வட்டத்திலேயே இருக்கட்டும், அதாவது அசைவு கிடையாது. 4, 5, 6-ஆம் பங்குகளில் 6 மி.மீ. ஏற வேண்டும், ஆனால் ஒரே சீராக ஏறக்கூடாது. 4 முடியும் இடத்தில் 26.5, 5 முடியும் இடத்தில் 29.5, 6 முடியும்போது 31 என்று நடுவிலிருந்து அளந்து புள்ளி வையுங்கள். மெதுவாகத் தொடங்கி, நடுவில் வேகம் எடுத்து, மெதுவாக முடியும். 7-லிருந்து 17 வரை 31-லேயே நிற்கட்டும். 18, 19, 20-இல் அதே கணக்கில் இறங்கி, மிச்சம் வட்டம்.

தலை திரும்புகிற கேம் இதற்கு ஒரு பங்கு பிந்தி, 5, 6, 7-இல் ஏறும், ஏற்றம் இதற்கும் 6 மி.மீ. 21 வரை நின்று, 22, 23, 24-இல் இறங்கும்.

கைக்குரிய கேம் எட்டாம் பங்கு முடியும்வரை ஒன்றும் செய்யாது. அந்த எட்டாம் பங்கில் மூன்று கேமுமே சும்மா இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள், நிமிர்ந்து உங்களைப் பார்த்துவிட்டு ஒரு சின்னத் தயக்கம். 9-லிருந்து 13 வரை ஐந்து பங்கில் 12 மி.மீ. ஏற்றம், ஒவ்வொரு பங்கு முடிவிலும் 26, 29, 33, 36, 37. 14-லிருந்து 18 வரை உயரத்திலேயே நிற்கும். 19-லிருந்து 23-க்குள் இறங்கிவிடும். தலை 18-இலேயே தாழத் தொடங்குகிறது, கை 19-இல்தான் இறங்குகிறது. ஆக இறங்கும்போதும் தலைதான் முந்தும்.

புள்ளிகளை வளைகோடாகச் சேர்த்து, காகிதத்தைப் பிளைவுட்டில் ஒட்டி, கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளியே வெட்டி, அரத்தால் கோடுவரை கொண்டுவாருங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நுனியை விளிம்பின்மேல் வைத்துக் கேமை மெல்லச் சுற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் விரலுக்குத் தெரியும். எங்கே விரல் துள்ளுகிறதோ அங்கே பொம்மையும் துள்ளும். உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி விரல் வைத்து, துள்ளல் போகிறவரை விடாதீர்கள். கடைசியில் விளிம்பு முழுக்க 6பி பென்சிலால் கறுப்பாகத் தேய்த்து அதன்மேல் மெழுகு பூசுங்கள். எண்ணெய் வேண்டாம், மரம் குடித்துவிடும்.

ஏற்றத்தை அவசரப்பட்டுச் செங்குத்தாக வைக்காதீர்கள். நான் முதலில் கை டக்கென்று எழ வேண்டும் என்று 12 மி.மீ. ஏற்றத்தை இரண்டே பங்கில் வைத்தேன். கோல் மேலே போவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, துளையில் இறுகி, அதோடு போராடியதில் கோலே வளைந்துவிட்டது. ஏற்றத்தின் சாய்வு 30 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும், மேலே கொடுத்த அளவுகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

கேம்மேல் உட்காரும் கோல்கள் 8 மி.மீ. சதுரமாக இருக்கட்டும், மூடியில் சதுரத் துளை போட்டால் கோல் திரும்பிக்கொள்ளாது. ஒவ்வொன்றின் அடியிலும் 10 மி.மீ. குறுக்களவில் ஒரு குட்டிச் சக்கரம். ஒவ்வொரு கேமையும் தண்டில் ஒரு சின்னத் திருகால் இறுக்குங்கள், பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். கடைசியில் பொம்மையைப் பார்த்துக்கொண்டே இரண்டு பாகை முன்னே, மூன்று பாகை பின்னே என்று நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் இந்தத் திருகு உங்களைக் காப்பாற்றும்.

கழுத்து

எனக்கு அதிகம் தண்ணி காட்டியது இதுதான். தலை நிமிரவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், ஒன்றை ஒன்று இழுக்கக்கூடாது. விடை குழாய்க்குள் கம்பி. பித்தளைக் குழாய்தான் கழுத்து, அது சுழன்றால் தலை திரும்பும். குழாய்க்குள் 3 மி.மீ. கம்பி மேலும் கீழும் போனால் தலை நிமிரும், குனியும். கம்பி நட்ட நடுவில் போவதால் கழுத்து எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்குக் கவலையில்லை.

குழாயின் மேல்முனையில் ஒரு சின்னக் கவட்டை வைத்துப் பற்றவையுங்கள். கவட்டையில் சைக்கிள் கம்பியைக் குறுக்கே செருகி, அதில் தலையை மாட்ட வேண்டும். இந்தக் குறுக்குக் கம்பி கழுத்தின் நடுவுக்கு 15 மி.மீ. பின்னால், காதுகளுக்குப் பின்புறமாக இருக்கட்டும். அப்போது தலையின் எடை முன்பக்கம் விழுந்து, பொம்மை தானாகவே குனிந்து, உள்ளே வரும் கம்பியின் நுனியில் நெற்றியைச் சாய்த்துக்கொள்ளும். கம்பி 6 மி.மீ. ஏறினால் தலை சுமார் 23 பாகை நிமிரும், அது போதும். தலை லேசாக இருந்து தயங்கினால் மோவாய்க்குள் ஒரு ஈயக் குண்டு.

திரும்புவதற்கு மூடிக்கு அடியில் குழாயைச் சுற்றி 20 மி.மீ. குறுக்களவுள்ள மர உருளை ஒன்று. அதில் தூண்டில் நரம்பைச் சுற்றி, 'ட' வடிவ நெம்புகோல் ஒன்றின் செங்குத்துக் கையில் கட்டுங்கள். கிடைக்கை கேம்மேல் படுத்திருக்கும். கேம் கிடைக்கையை 6 மி.மீ. தூக்கினால் செங்குத்துக் கை நரம்பை 6 மி.மீ. இழுக்கும், தலை சுமார் 35 பாகை திரும்பும். மறுபக்கம் இழுக்க ஒரு மெல்லிய ஸ்பிரிங், பழைய பந்துமுனைப் பேனாவில் இருப்பதை நீட்டிப் போட்டாலும் போதும்.

கையும் விளக்கும்

தோள் ஒன்றுதான் அசையும். முழங்கையைக் கொஞ்சம் மடக்கிய நிலையில் நிலையாகச் செதுக்கிவிடுங்கள். மணிக்கட்டு, விரல் எல்லாம் அசைய வேண்டும் என்று ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். யோக்தே பொம்மைகளுக்கு 18, 19 கயிறுகூட இருக்கும், ஆனால் அந்தக் கயிறுகளுக்குப் பின்னால் ஆயுள் முழுக்கப் பழகிய கை இருக்கிறது. யாங்கோன் போஜோ சந்தையில் அந்தப் பொம்மைகள் வரிசையாகத் தொங்கும், ஆடாமல் தொங்கும்போது அவை வெறும் மரம்தான். நல்ல கலைஞர் கையில் வந்ததும் முழங்கால் மடங்குகிற விதம், தாளத்துக்கு முன்னால் அது காத்திருக்கிற விதம்! பர்மிய நாட்டியக்காரர்கள் பொம்மையைப் பார்த்து அதேபோல ஆடிக் காட்டுவார்கள், மனிதர் பொம்மையிடம் பாடம் கேட்கும் ஊர் இது. முடிந்தால் ஒரு ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்து, எங்கெங்கே பொம்மை நிற்கிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். அசைவைவிட நிற்பதில்தான் நிறைய கற்கலாம்.

தோளில் சைக்கிள் கம்பி அச்சு. அதற்கு முன்னால் 15 மி.மீ. தள்ளிக் கையின் அடியில் கோல் வந்து முட்டும்படி வைத்தால் 12 மி.மீ. ஏற்றத்துக்குக் கை 45 பாகைக்குச் சற்று மேலே எழும். இறங்குவதற்கு ஸ்பிரிங் வேண்டாம், விளக்கின் எடையே இறக்கும், அந்த இறக்கத்தில் ஒரு நிஜக் கனம் தெரியும்.

கை எழும்போது அகல் சாயக்கூடாது. உள்ளங்கையில் அகலை ஒட்டாமல், ஒரு குறுக்குக் கம்பியில் தொங்கவிட்டு அடியில் ஈயக் குண்டு வையுங்கள், தூக்கு விளக்கு மாதிரி தன்னைத் தானே சமன் செய்துகொள்ளும். நெருப்பு வேண்டவே வேண்டாம், மரமும் துணியும் மெழுகும் சேர்ந்த சாமான் இது. மஞ்சள் எல்இடி ஒன்று, நாணயம் போன்ற 3 வோல்ட் பாட்டரி ஒன்று. பாட்டரி அறைக்கு மூடி வைத்துத் திருகு போட்டு மூடுங்கள், சின்னப் பிள்ளைகள் அதை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இப்போது முகம்

எந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு, வெறும் முட்டை மாதிரி உருண்டைக் கட்டையைத் தலையாக மாட்டி ஒரு வாரம் வைத்திருங்கள். நான் அப்படித்தான் வைத்தேன். கண்ணும் மூக்கும் இல்லாத அந்த உருண்டை நிமிர்ந்து திரும்பியபோது, டீ கொண்டுவந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "யாரைப் பார்க்குது?" என்று கேட்டாள். உருண்டை உங்களைப் பார்ப்பதாகத் தோன்றிவிட்டால் நேரக்கணக்கு சரி. தோன்றவில்லையென்றால் எவ்வளவு அழகான முகம் வைத்தாலும் தோன்றப்போவதில்லை, கேம்களுக்குத் திரும்பிப் போங்கள்.

முகத்தில் ஜப்பானியர்களிடமிருந்து ஒன்று கற்கலாம். நோ நாடகத்துப் பெண் முகமூடியில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. கொஞ்சம் நிமிர்த்தினால் வெளிச்சம் பட்டு மலர்ந்ததுபோல இருக்கும், தாழ்த்தினால் நிழல் விழுந்து வாடியதுபோல இருக்கும். அதனால் புருவ எலும்பைக் கொஞ்சம் முன்னே தள்ளிச் செதுக்குங்கள், மேல் இமை தடிப்பாக, கண் பாதி மூடியபடி, உதட்டோரம் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல். குனிந்திருக்கும்போது கண் நிழலில் இருக்கும், நிமிரும்போது இமைக்கு அடியில் வெளிச்சம் நுழையும், கண் திறந்ததாக நமக்குத் தோன்றும். கண்ணை அசைக்கத் தனியாக எந்திரம் தேவையில்லை. மின்னும் வார்னிஷ் பூசாதீர்கள், மினுமினுப்பு இந்த நிழலைக் கொன்றுவிடும். கன்னத்துக்குத் தனாக்காவையே கல்லில் அரைத்து, அதில் ஒரு சொட்டு மரப் பசை கலந்து பூசினேன், உதிராமல் நிற்கிறது.

உடைக்குப் பழைய பருத்திச் சேலையின் மெல்லிய பகுதி. பட்டு விறைப்பாக நின்று கையைத் தூக்கவிடாது. உடை போட்ட பிறகு மறுபடி சுற்றிப் பாருங்கள், துணி இழுப்பதால் கையின் வேகம் மாறியிருக்கும். அக்குளில் ஒரு சுருக்கம் கூடுதலாக விட்டுத் தைத்தால் சரியாகிவிடும்.

இன்னும் ஆசை இருந்தால்

நான்காவதாக ஒரு கேம் போட்டு மூச்சுவிட வைக்கலாம். நூஷாடெலில் அந்தச் சிறுவனோடு இருக்கும் இசைக்காரப் பெண்ணுக்கு நெஞ்சு எழுந்து தாழும். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நிமிடத்துக்கு 12-லிருந்து 20 தடவை மூச்சு விடுகிறோம். எட்டு நொடிச் சுற்றில் இரண்டு புடைப்பு வைத்தால் நிமிடத்துக்கு 15, சரியாக வரும். ஏற்றம் 2 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, மார்புப் பலகை அசைவதே தெரியக்கூடாது, சேலை மடிப்பு மட்டும் அசைய வேண்டும். பாவை எதுவும் செய்யாத அந்த முதல் ஒரு நொடியில் இது செய்யும் வேலையை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

குரல் கொடுக்கவும் வழி உண்டு. 1799-ல் சீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு லண்டனுக்குப் போன திப்புவின் புலியில், கைப்பிடியைச் சுற்றினால் புலியின் பிடியில் கிடக்கும் ஆளின் கை எழுந்து விழும், துருத்தியிலிருந்து போகும் காற்று அவன் தொண்டையில் முனகலாக வரும். அதில் கையசைவு மிக எளிமையானது, பார்ப்பவரை உலுக்குவது அந்த முனகல்தான். விளக்கேந்தும் பெண்ணுக்கு அப்படி எதுவும் வேண்டாம் என்பது என் எண்ணம். ஆனால் கோல் இறங்கும்போது வரும் மெல்லிய மரத் தட்டலை முழுக்க அடக்காதீர்கள், கம்பளித் துண்டு ஒட்டிப் பாதியாகக் குறைத்தால் போதும், இருட்டில் அது அவள் காலடி மாதிரி கேட்கிறது.

மூடுவதற்கு முன்னால்

கேம்களின்மேல் அளவையும் பங்கு எண்ணையும் பென்சிலில் எழுதுங்கள், பெட்டியின் உள்பக்கம் உங்கள் பெயர், ஊர், தேதி, எந்த மரம் என்று எழுதுங்கள். 1928-ல் பிலடெல்பியாவில் உள்ள பிராங்க்ளின் நிறுவனத்துக்குச் சிதைந்த நிலையில் ஒரு பொம்மை வந்தது. யார் செய்தது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பழுதுபார்த்து ஓடவிட்டபோது படம் வரைந்தது, கவிதை எழுதியது, ஒரு கவிதையின் ஓரத்தில் தன்னை மயார்தேயின் பொம்மை என்று பிரெஞ்சில் எழுதிக் காட்டியது. நம் பாவைக்கு எழுதத் தெரியாது, அதனால் நாம்தான் எழுதி வைக்க வேண்டும். நாற்பது வருடம் கழித்து யாராவது அதைத் திறப்பார்கள்.

அப்புறம் மழை. இதை நான் கவனிக்காமல் விட்டதில் ஒரு பொம்மை போயிற்று. அதன் தண்டு மரத்தில் இருந்தது, துளையும் மரம், ஜூலை மாதத்தில் இரண்டும் உப்பி ஒன்றோடொன்று கவ்விக்கொண்டன. அதற்குப் பெல்ட் இல்லை, பல்சக்கரம். சுற்றவில்லையே என்று பிள்ளைகள் பலமாக இழுத்ததில் கழுத்துக் குழாய் பிய்ந்து வந்துவிட்டது. அதனால்தான் தண்டை இரும்பில் சொன்னேன், தண்டு நுழையும் துளைகளுக்கும் பித்தளைக் குழாய்த் துண்டு புஷ்ஷாகப் போட்டுவிடுங்கள். சதுரத் துளைகளில் அரை மி.மீ. இளக்கம் இருக்கட்டும். மே கடைசியில் மேகம் கறுத்ததும் பெல்ட்டைக் கழற்றுங்கள், மாட்டியே வைத்தால் ஒரே இடத்தில் மடிந்து விறைத்துவிடும். பாட்டரியை எடுத்துவிடுங்கள். பெட்டிக்குள் அரிசியை வறுத்துத் துணியில் முடிந்து வைத்து, சமையலறையில் உயரமான பலகைமேல் வையுங்கள், அடுப்புச் சூடு இருக்கும் இடம் நல்லது. அக்டோபரில் தடிஞ்சுத் என்ற பர்மிய விளக்குத் திருவிழாவின் விளக்குகள் தெருவில் ஏறும்போது வெளியே எடுத்து, மெழுகைப் புதிதாகப் பூசி, பெல்ட்டை மாட்டி, முதல் பத்துச் சுற்றை நீங்களே மெதுவாகச் சுற்றுங்கள். எங்கேயாவது இறுகினால் கைப்பிடியை அழுத்தாமல் முன்பலகையைக் கழற்றி எந்தக் கோல் என்று பார்த்து, அதை மட்டும் ஒரு தடவை உப்புத்தாளால் இழுத்துவிடுங்கள். கார்த்திகைக்கு அவள் தயாராக இருப்பாள்.